மறதி பயமும், விட்டுவிட்டுப் போடும் பிரஷர் மாத்திரையும்

67 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 52 வயதிலேயே ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, இப்போது அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். தலை பாரமாக இருக்கும் நாட்களில் மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார். தொடர்ந்து போட்டால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கிறதாம். கடைசியாக மருத்துவரிடம் காட்டியபோது 158/84. கொழுப்புக்காகக் கொடுத்த ஸ்டாடின் மாத்திரை ஞாபகத்தைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, ஆறு மாதமாக அதையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை.

கடந்த ஒரு வருடமாகத் தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாய்க்கு வருவதில்லை. எதை எடுக்க வந்தோம் என்று தெரியாமல் அறை நடுவில் நின்றுவிடுகிறார். அவருடைய அம்மாவுக்கு 76 வயதில் டிமென்ஷியா வந்து, கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டிருக்கிறார். அந்தப் பயத்தில் தானாகவே போய் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார். “சிறு ரத்தக்குழாய் சார்ந்த நாள்பட்ட மாற்றங்கள், வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்” என்று அறிக்கை வந்திருக்கிறது. அன்றிலிருந்து நிம்மதி இல்லை. ஞாபகசக்திக்கென்று விற்கும் கிங்கோ மாத்திரை சாப்பிடுகிறார், தினமும் இரண்டு மணி நேரம் குறுக்கெழுத்துப் போடுகிறார். ஐந்து மணி நேரம்கூடச் சரியாகத் தூங்குவதில்லை என்பதால், அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி இரவில் போட்டுக்கொள்வதாகப் போகிற போக்கில் ஒரு வரி. பலமாகக் குறட்டை விடுவதாகவும், டிவி சத்தத்தை ரொம்ப வைப்பதாகவும் கணவர் குறைப்படுகிறார். “இந்த வயசுக்கு மேல் என்ன செய்தாலும் வருவது வந்தே தீரும்” என்பதும் கணவர் சொல்வதுதான்.

வாசகி கேட்பவை: இது டிமென்ஷியாவின் ஆரம்பமா? அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகத் தினம் ஓர் ஆஸ்பிரின் போடலாமா? 67 வயதில் இனி ஏதாவது செய்து பயன் உண்டா?

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு. கிங்கோவும் குறுக்கெழுத்தும் தருவதைவிட, நீங்கள் ஒழுங்காகப் போடாமல் வைத்திருக்கும் பிரஷர் மாத்திரை உங்கள் மூளைக்குத் தரக்கூடிய பாதுகாப்பு பெரிது. அதை விளக்கத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஒரு கடிதத்தை வைத்து டிமென்ஷியா இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதம் எனக்குச் சில விஷயங்களைக் காட்டுகிறது. எந்த வருடம் என்ன நடந்தது, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று வரிசையாக, கோர்வையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வரவு செலவையும் வங்கி வேலையையும் இன்னும் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். வராத பெயர் அரை மணி நேரம் கழித்து, வேறு வேலையாக இருக்கும்போது தானாக வந்துவிடுகிறது என்கிறீர்கள். வயதாகும் மூளையில் இது சகஜம். ஞாபகம் உள்ளே இருக்கிறது, தேடி எடுக்க முன்பைவிட நேரம் ஆகிறது.

டிமென்ஷியாவில் நடப்பது வேறு. நேற்று வந்து போனவரின் பெயர் மட்டும் இல்லாமல், அவர் வந்து போனதே நினைவில் இருக்காது. பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மூன்று முறை கேட்பார்கள், ஏற்கெனவே கேட்டது தெரியாது. பல வருடம் நடந்த வழியில் திசை குழம்பும். உங்களைப் போல எண்களோடு வாழ்ந்தவருக்கு ஒரு சாதாரண ரசீதைச் சரிபார்ப்பதே மலைப்பாகிவிடும். இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அதனால் உங்கள் கணவரிடமும் பிள்ளைகளிடமும் ஒளிக்காமல் கேளுங்கள்: “போன வருடம் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் என்னிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?” தெரிகிறது என்று அவர்கள் சொன்னால், ஒரு நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

இல்லை என்று சொன்னாலும் ஒரு முறை நினைவாற்றல் சோதனை செய்துகொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கடிகாரம் வரைந்து முள்ளை வைக்கச் சொல்வார்கள். இப்போது எடுக்கும் மதிப்பெண் கையில் இருந்தால், அடுத்த வருடம் இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். நடுத்தரமாக, அதாவது இயல்பும் இல்லாமல் டிமென்ஷியாவும் இல்லாமல், லேசான நினைவாற்றல் குறைபாடு என்று வந்தாலும் கலங்க வேண்டாம். அந்த நிலையில் இருப்பவர்களில் சிலர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், பலர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள், சிலர் இயல்புக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஸ்கேனில் வந்த அந்த வரி

மூளைச் சுருக்கம் என்பதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் வயதில் எதிர்பார்க்கக்கூடிய அளவுதான் இருக்கிறது என்று அறிக்கையே சொல்கிறது, அதை விட்டுவிடுங்கள். நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட முதல் பகுதியைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதன் ஆழமான பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுபோவது மிக நுண்ணிய குழாய்கள். ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழாய் அந்த இடத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. வருடக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் இவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போஷாக்கு குறைகிறது. ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது அதுதான். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது இருக்கும். உங்களுக்கு எவ்வளவு என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகமானால் முதலில் யோசிக்கும் வேகமும், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறனும், நடையும் மந்தமாகும்.

டிமென்ஷியா என்றாலே அல்சைமர், அதற்கும் ரத்தக்குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படுவது அல்சைமர்தான். ஆனால் முதியவர்கள் இறந்தபின் மூளையை ஆராய்ந்து பார்த்தால், அல்சைமரின் புரதப் படிவுகளும் ரத்தக்குழாய்ச் சேதமும் சேர்ந்தே இருப்பது மிகச் சாதாரணம். ரத்தக்குழாய்கள் நன்றாக இருக்கும் மூளை, அந்தப் படிவுகளையும் கூடுதல் காலம் தாங்குகிறது. புரதத்தைத் தடுப்பது இன்று உங்கள் கையில் இல்லை. ரத்தக்குழாயைக் காப்பாற்றுவது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது.

அம்மாவுக்கு வந்தது

உங்கள் அம்மாவுக்கு 76 வயதில் தொடங்கியிருக்கிறது. ஒரே மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக வரும் அல்சைமர் மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். அம்மாவுக்கு வந்தது அந்த வகை மாதிரி இல்லை. பெற்றோருக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. ஏபிஓஇ-4 என்ற மரபணு வடிவம் ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகலாம். ஆனால் அது இருந்தும் வராதவர்கள் ஏராளம், இல்லாமலே வந்தவர்களும் ஏராளம். அதற்கான பரிசோதனை செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. முடிவு எதுவாக வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய காரியங்கள் இவையேதான்; பயம் மட்டும்தான் கூடும்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்புக் குறைவு, உடல் பருமன், காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் அடக்கம். அனைத்தையும் அகற்ற முடிந்தால் உலக அளவில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் உங்களுக்கு வரவே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படி வாக்குக் கொடுப்பவர்களை நம்பவும் வேண்டாம். சாத்தியத்தைக் குறைக்கலாம், வந்தாலும் சில வருடங்கள் தள்ளி வரச் செய்யலாம். 76இல் வருவது 82இல் வந்தால், நடுவில் இருக்கும் ஆறு வருடம் நீங்கள் நீங்களாகவே வாழும் ஆறு வருடம்.

ரத்த அழுத்தம்: இதில்தான் அதிக வேலை

தலை பாரத்தை வைத்து நீங்கள் பிரஷரை அளக்கிறீர்கள். அது சரியான அளவுகோல் இல்லை. 170 இருந்தும் ஒன்றுமே தெரியாதவர்கள் உண்டு, 120 இருந்தும் தலை கனப்பவர்கள் உண்டு. “வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர்” என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

இன்னொன்று, அம்லோடிபின் அன்றைக்குப் போட்டு அன்றைக்குக் குறைக்கும் மாத்திரை கிடையாது. ரத்தத்தில் அதன் அளவு சீராக நிலைக்கச் சுமார் ஒரு வாரம் தொடர்ந்து போட வேண்டும். தலை பாரமான நாளில் ஒன்று போட்டுக்கொண்டு மறுநாள் விட்டுவிட்டால், பாதுகாப்பு முழுதாகக் கிடைப்பதற்கு முன்பே மருந்து இறங்கத் தொடங்கிவிடும். அழுத்தமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஊசலாடுவதும் ரத்தக்குழாய்களுக்கு நல்லதில்லை.

பிரஷரைக் குறைத்தால் மூளைக்கு நிஜமாகவே பயன் உண்டா? இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 9,300க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சராசரி வயது ஏறக்குறைய 68, கிட்டத்தட்ட உங்கள் வயது. நீரிழிவோ பக்கவாதமோ இல்லாதவர்கள், அதிலும் உங்களைப் போலவே. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, 140க்குக் கீழே வைக்கச் சிகிச்சை பெற்றவர்களைவிட லேசான நினைவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். டிமென்ஷியாவும் குறைவாகவே இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. இதயத்துக்குப் பலன் தெளிவாகத் தெரிந்ததால் சிகிச்சைக் கட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். பின்னர் சீனாவின் 326 கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம், கிராம அளவிலான சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே நான்கு வருடம் பிரஷரைக் கட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2025இல் வெளியான முடிவு: டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த இயந்திரமோ அங்கே வேலை செய்யவில்லை. சாதாரண மாத்திரைகளை ஒழுங்காகப் போட வைத்ததும், அடிக்கடி அளந்ததும்தான் வேலை செய்தது.

சரி, உங்கள் கிறுகிறுப்பு? அது நிஜமான தொல்லை, அதை ஒதுக்கித் தள்ளவே மாட்டேன். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் இத்தனை முயற்சியும் வீணாகிவிடும். அதற்கு வழி மாத்திரையை விட்டுவிடுவது இல்லை, காரணத்தைத் தேடுவது. உட்கார்ந்த நிலையில் பார்த்த பிறகு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், போடும் நேரத்தை மாற்றலாம், இரண்டு மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுக்கலாம், வேறு வகைக்கே மாறலாம். தண்ணீர் போதாததும், அந்த அலர்ஜி மாத்திரையும்கூடக் கிறுகிறுப்பைத் தரக்கூடியவை. “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு என்ன வழி?” என்று கேட்பது உங்கள் உரிமை. பிரஷருக்கு மருந்து வகைகள் பல இருக்கின்றன, ஒன்று சரிப்படவில்லை என்றால் இன்னொன்று சரிப்படும்.

வீட்டில் அளக்கும் கருவி இருப்பதாகச் சொன்னீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் இப்படி அளந்து எழுதுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் காபி, டீக்கும் முன்னால். முதுகு சாயும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கைப்பட்டையைத் துணிக்கு மேல் சுற்றாமல் தோலின் மேலேயே சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வையுங்கள். அளக்கும்போது பேச்சு வேண்டாம், பேசினாலே எண் ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை. மாலையிலும் அதே மாதிரி. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் போடுங்கள். கணக்குப் பார்த்த உங்களுக்கு இது கஷ்டமே இல்லை. வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம்தான். உங்களுக்கு மேல் அளவு 130க்குக் கீழே இருப்பது நல்ல இலக்கு என்று நினைக்கிறேன், நிற்கும்போது தலைசுற்றல் வராமல் அதை எட்ட முடிகிறது என்றால். எவ்வளவு வேகமாக இறக்குவது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சமையலிலும் பாக்கெட் உணவிலுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சுமார் ஒரு தேக்கரண்டி. பாக்கெட்டில் வருவதில் ஒளிந்திருக்கும் உப்புதான் பலருக்குக் கணக்கில் வராமல் போகிறது.

ஸ்டாடின், ஆஸ்பிரின், கிங்கோ

ஸ்டாடின் ஞாபகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் மாத்திரை போட்ட பிறகு மறதி, குழப்பம் வந்ததாகச் சொன்னார்கள், நிறுத்தினால் சரியாகிவிட்டது. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மருந்தின் குறிப்பில் சேர்த்தது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளில், ஸ்டாடின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் வித்தியாசம் வரவில்லை. ஸ்டாடின் டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று நேரடியாக நிரூபிக்கப்படவும் இல்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது குறைக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிறுத்திய ஆறு மாதத்தில் உங்கள் மறதி குறைந்ததாக நீங்கள் எழுதவில்லை. மறுபடி கொழுப்பு அளவைப் பார்த்து, மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவை என்றால் தயங்காமல் தொடருங்கள்.

ஆஸ்பிரினைத் தயவுசெய்து நீங்களாகத் தொடங்க வேண்டாம். மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வராத, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு நடந்தது. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் டிமென்ஷியாவைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயம் இன்னும் பெரிது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கதை வேறு.

கிங்கோவுக்கு நீங்கள் செலவழிக்கும் பணம் வீண். 75 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமானவர்களுக்குத் தினம் இருவேளை கொடுத்துப் பல வருடம் பார்த்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது; டிமென்ஷியா குறையவில்லை.

இரவு மாத்திரையும் குறட்டையும்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த அலர்ஜி மாத்திரை வரிதான். தூக்கம் வரவழைக்கும் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்றவை, ஞாபகத்துக்கு மூளை பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. முதியவர்களுக்கு மறதி, குழப்பம், வாய் உலர்தல், மலச்சிக்கல், தள்ளாட்டம் எல்லாம் இவற்றால் வரலாம். உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள், மருத்துவரிடமும் அதைக் காட்டுங்கள். இந்த வகைதான் என்றால், ஒரு வருட மறதியில் ஒரு பங்கு இதனுடையதாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. மாற்றினால் திரும்பக்கூடிய மறதி இது.

அப்புறம் குறட்டை. பலத்த குறட்டை, துண்டு துண்டான தூக்கம், கட்டுக்கு வராத பிரஷர் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நடுவில் மூச்சுச் சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று கணவரை ஓர் இரவு கவனிக்கச் சொல்லுங்கள். அப்படி என்றால் தூக்கப் பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. பிரஷர் கட்டுக்கு வரவும் அது உதவும்.

நடை, காது, மனிதர்கள்

குறுக்கெழுத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் போடுங்கள். ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதில் பாதியை நடைக்குக் கொடுத்தால் லாபம் அதிகம். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடப்பது முதல் இலக்கு. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையே பத்துப் பத்தாகச் செய்யலாம். விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். இப்போது நடையே இல்லை என்பதால் நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

“இந்த வயசுக்கு மேல்” என்கிற உங்கள் கணவருக்கு ஃபின்லாந்து பதில் சொல்லியிருக்கிறது. 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் சத்தான உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர்-சர்க்கரை-கொழுப்புக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் மூளைத்திறன் மதிப்பெண் தெளிவாகக் கூடியது என்று 2015இல் அறிவித்தார்கள். 2025இல் அமெரிக்காவில் 60 முதல் 79 வயது வரையுள்ள 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் வந்த முடிவும் அந்தப் பக்கமே நிற்கிறது. அதில் தாங்களாகவே செய்தவர்களும் முன்னேறினார்கள், அட்டவணை போட்டுக் குழுவாகச் செய்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக முன்னேறினார்கள். அதனால் தனியாக நடக்காமல் துணை சேர்த்துக்கொண்டு, நேரம் குறித்து நடங்கள். நாள் தவறினால் கேட்க ஓர் ஆள் இருப்பது பெரிய பலம்.

டிவி சத்தத்தைச் சாதாரணமாக விட வேண்டாம், காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். சரியாகக் கேட்காதவர் பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளையின் சக்தியைச் செலவழித்துவிடுகிறார், கூட்டத்தையும் தவிர்க்க ஆரம்பிக்கிறார். காதுக் கருவியின் பலனைப் பார்த்த ஓர் ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் வரவில்லை. ஆனால் வயது கூடிய, இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் அதிகம் உள்ள பிரிவில், மூன்று வருடத்தில் நினைவாற்றல் சரியும் வேகம் ஏறக்குறைய பாதியானது. தேவை என்று சொன்னால் கருவி போட வெட்கப்படாதீர்கள். சர்க்கரை 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய கட்டம். நடையும் எடைக் குறைப்புமே இப்போதைக்குப் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

ஒரு வாரத்து பிரஷர் எண்கள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகள், ஸ்கேனின் அறிக்கையோடு படம், இவற்றைக் கொண்டுபோங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, ரத்தசோகை, சிறுநீரகச் செயல்பாடு பார்க்கச் சொல்லுங்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் தெரியும். நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து ஓர் இசிஜியும் எடுக்க வேண்டும். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து கூடும், அதற்கு ஆஸ்பிரின் போதாது, வேறு மருந்து தேவைப்படும். மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எதிலும் பிடிப்பு இல்லை, அழுகை வருகிறது என்று நீங்கள் எழுதியதை அங்கே மறைக்க வேண்டாம். மனச்சோர்வே மறதியாக வெளிப்படும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. எம்ஆர்ஐயை மறுபடி எடுக்க இப்போது அவசியம் இல்லை.

இவை எல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்ய வேண்டியவை. ஒன்று மட்டும் நிமிடக்கணக்கு. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை அல்லது கால் பலமிழந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போனால், படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸ் அழைத்து, பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், ஏனென்றால் பெரிய தாக்குதல் அடுத்த சில நாட்களுக்குள் வரும் அபாயம் அப்போதுதான் அதிகம். இதை உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.